தார்ப்பாய் போர்த்திய மெஷின்

1

எங்கள் கம்பெனி வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு சின்னப் பாய். நாணல் குச்சிகளை நூலால் கோத்தது. விரித்தால் ஒரு பூனைகூடத் தாராளமாகப் படுக்க முடியாது. அதற்குத் தனி விளக்கு, தனிப் பூட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ மறந்து விட்டுப்போன சாமான் என்று நினைத்துக் காவலாளியிடம் சொல்லப் போனேன். நல்லவேளையாக அப்போது எனக்குக் கொரிய மொழி தெரியாது.

நான் இருப்பது தென் கொரியாவின் தென்மேற்கு ஓரத்தில், கடலைப் பார்த்த ஒரு சிறிய ஊரில். இங்கே கடல்பாசியைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் கலக்கி, அந்த மாதிரிப் பாயில் மெல்லிசாக ஊற்றி வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்ததும் கறுப்புத் தாள் போல உரித்தெடுத்து, அதில் சோற்றைச் சுருட்டித் தின்பார்கள். கிம் என்று பெயர். ஒரு தலைமுறைக்கு முன்புவரை எல்லாம் வெயிலும் கையும்தான். இப்போது மெஷின். இந்தப் பக்கம் பாசி போனால் அந்தப் பக்கம் தாளாக வந்து, கப்பலேறி உலகமெல்லாம் போகிறது. அந்த மெஷினைச் செய்வது எங்கள் கம்பெனி. மெஷினை வாங்கியவர்கள் போன் போட்டுத் திட்டினால் பணிவோடு கேட்டுக்கொள்வது என் வேலை. விசிட்டிங் கார்டில் இதையே வேறு மாதிரி அச்சடித்திருக்கிறார்கள்.

கம்பெனி ஆரம்பித்த நாளை வருஷா வருஷம் கொண்டாடுவார்கள். சேர்மன் அந்தப் பெட்டி முன்னால் நின்று ஒரே கதையைச் சொல்வார். பனிக்காற்றில் அவருடைய அம்மா இந்தப் பாயில்தான் பாசி ஊற்றுவார், விரலெல்லாம் வெடித்திருக்கும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் இவர் வாலிபத்தில் ஒரு மெஷின் செய்தார். அது பாதித் தாளைக் கிழித்துப் போட்டது. அப்படியும் ஊர் மீனவர் சங்கம் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. "கிழிக்கிற மெஷினை வாங்கினார்களே, அவர்கள்தான் இந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர்கள்" என்று முடிக்கும்போது கண் கலங்குவார். நாங்களும் கலங்குவோம். அதற்கு அப்புறம்தான் சாப்பாடு.

இந்த வருஷம் நான் முறைப்படி கலங்கிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மதுரை விளாங்குடியிலிருந்து பாண்டி செய்தி போட்டிருந்தான். என் மனைவியின் தம்பி.

"மச்சான், அங்கிட்டு எனக்கு ஒரு வேலை பாருங்க. எந்த வேலைனாலும் சரி. ஷெட்ட மூடிட்டு வாரேன்."

பாண்டி லேத் ஷெட் வைத்திருப்பவன். கொஞ்ச காலமாக அப்பளம் காயவைக்கிற மெஷின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். ஊரில் இருந்தபோது நான் எதைப் பிரித்து மாட்டினாலும் நாலு திருகு கையில் மிச்சம் நிற்கும். அவன் அந்த நாலு திருகை வைத்து வேறொன்று செய்துவிடுவான். எங்கள் இருவரில் இயந்திரக் கம்பெனி வேலைக்கென்று வெளிநாடு வந்தவன் நான்.

2

என் பெயர் ரவி. இங்கே யாருக்கும் அது தெரியாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதியதில் அது குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கொரியாவில் குடும்பப் பெயருக்குத்தான் மரியாதை. ஆகவே ஆபீஸ் முழுவதும் என்னை "செல்லையா" என்று கூப்பிடுகிறது. செல்லையா கோச்சடைப் பக்கம் வயல் வைத்திருந்த என் அப்பா. சாகும்வரை எந்த அதிகாரிக்கும் எழுந்து நின்று பதில் சொன்னதில்லை. இப்போது தினமும் சொல்கிறார்.

மொழி தெரிய ஆரம்பித்த பிறகு ஆபத்து கூடியது. நான் கொரிய மொழி கற்றுக்கொண்டது என் மகள் யாழினி தோழிகளோடு பேசுவதைக் கேட்டு. அதனால் என் வாயில் வருவது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கொரிய மொழி. ஒருமுறை சேர்மனிடமே "சாப்டியா?" என்று கேட்டுவிட்டேன். அறையில் அத்தனை பேரும் மூச்சை நிறுத்தினார்கள். அவர் மட்டும் "சாப்டேன்" என்றார், சின்னப்பையன் மாதிரி.

யாழினி இங்கேயே பிறந்தவள். அவள் "எங்க நாடு" என்றால் கொரியா. நான் "எங்க நாடு" என்றால் மதுரை. அது நாடே இல்லை என்பதை அவள் நிலப்படத்தில் காட்டியிருக்கிறாள். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"அப்பா, முன்னாடி ரெண்டு நாடும் ஏழையாத்தான் இருந்துச்சாம். அப்புறம் எங்க நாடு வேகமா மேல போயிருச்சு. உங்க நாடு ஏன் மெதுவா வருது?"

"வெயில் ஜாஸ்திம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்தக் கேள்வியை நான் இதோடு கழற்றிவிட முடியாது என்று புரிந்தது. மேலே போவது என்றால் என்ன, எதில் ஏறிப் போகிறார்கள் என்றெல்லாம் அதற்குப் பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டே யோசிப்பேன். இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விடும்.

பாண்டியின் செய்தியைப் படித்ததும் எனக்கு ஒரு விஷயம் மட்டும் சங்கடமாக உறைத்தது. இவனும் இங்கே வந்துவிட்டால் ஒரு நல்ல வெல்டர் இந்த ஊருக்குக் கிடைப்பான். விளாங்குடிக்குக் குறைவது ஒரு வெல்டர் அல்ல, ஒரு மெஷின். இனி அவன் செய்யப்போகும் மெஷின்கள் எல்லாமும்.

"நான் நேர்ல வாரேன், அதுவரைக்கும் ஷட்டர எறக்காத" என்று பதில் போட்டேன்.

3

சூசோக் என்று இங்கே அறுவடைப் பண்டிகை. அந்த விடுமுறையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு மதுரையில் இறங்கினோம். மழை ஆரம்பித்துவிட்டிருந்தது. மறுநாள் யாழினியும் நானும் விளாங்குடிக்குப் போனோம். திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற தெருவில் பாண்டியின் ஷெட். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒன்று நீலத் தார்ப்பாய் போர்த்தி, நாலு பக்கமும் கயிறு கட்டி நின்றது. திறப்பு விழாவுக்கு மந்திரி வராத சிலை மாதிரி.

"எடு மாப்ள, பாப்போம்" என்றேன்.

"இருங்க." ஷட்டரைப் பாதி இறக்கினான். குனிந்து தெருவைப் பார்த்தான். "முருகேசன் வண்டி நிக்குதா பாருங்க."

முருகேசன் எதிர் ஷெட்காரர். சில வருஷம் முன்னால் பாண்டி தேங்காய் உரிக்கிற மெஷின் ஒன்று செய்தான். செய்த சூட்டில் அதே மெஷின் முருகேசன் ஷெட் வாசலில் வேறு கலரில் நின்றது, விலையும் குறைவு. அன்றிலிருந்து பாண்டி தார்ப்பாய் வாங்கிவிட்டான். பதிலுக்கு முருகேசனும் ஒன்று வாங்கிவிட்டார். தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு நீலக் கூடாரங்கள். வெளியூர்க்காரன் பார்த்தால் சர்க்கஸ் வந்திருக்கிறது என்பான்.

கயிறை அவிழ்த்தான். இரும்புக் கூண்டு, அடுக்கடுக்காக வலைத் தட்டுகள், கீழே ஹீட்டர், பின்னால் காற்று உள்ளே போக ஒரு சதுர வாய். அப்பளம் காயவைக்கும் மெஷின் உலகத்தில் இல்லாததல்ல. பெரிய பேக்டரிகளில் வீடு அளவுக்கு நிற்கிறது. வீட்டு முற்றத்தில் அப்பளம் போடுகிறவர்களுக்கு ஏற்ற அளவில்தான் சரியாக எதுவும் அமையவில்லை. சின்னதாகச் செய்தால் காற்று ஒரு பக்கமே அடித்து ஓரம் சுருண்டுகொள்கிறது. பாண்டி உள்ளே ஒரு தகடு வைத்திருந்தான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அது தானாகத் திரும்பும். இடமிருந்து அடித்த காற்று வலமிருந்து அடிக்கும்.

"அப்பளத்துக்கு யாரு பக்கம் சாயறதுன்னே தெரியாது. நேரா காஞ்சுரும்" என்றான். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். மிகைப்படுத்தவில்லை, எங்கள் கம்பெனியில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அதற்குள் யாழினி போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்திருந்தாள்.

"ஏ மருமகளே! கீழ வை!" பாண்டி பாய்ந்தான்.

"சூப்பரா இருக்கு மாமா. எங்க கிளாஸ் குரூப்ல போடுறேன்."

"போட்டேன்னா ஒங்க மாமன் கத முடிஞ்சுச்சு. அழி தாயி, அழி."

அவள் அழித்தாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. "ஏன் மூடி வச்சிருக்கீங்க? எங்க நாட்டுல மெஷின்ல ஒரு நம்பர் எழுதித் தொறந்து வச்சிருப்பாங்க. அப்பா கம்பெனில பாத்தேன்."

உண்மைதான். எங்கள் மெஷின் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு சின்னத் தகடு உண்டு. அதில் காப்புரிமை எண். எங்கள் தெருவிலேயே இன்னும் சில மெஷின் கம்பெனிகள் இருக்கின்றன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிறபோது ஒருவர் ஷெட்டை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டேதான் போவார்கள். சேர்மனே ஆரம்ப காலத்தில் பக்கத்து நாட்டு மெஷினை அக்குவேறாகப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதாகக் கூசாமல் சொல்வார்.

டீக்கடைக்குப் போனதும் நான் கொரியாக்காரனாக மாறிவிட்டேன். ஊருக்கு வந்தால் எனக்கு இந்த வியாதி உண்டு.

"ஐடியாவ மூடக் கூடாது மாப்ள. ஐடியா பரவணும். அப்பத்தான் நாடு முன்னேறும்."

"பரவிருச்சு மச்சான். போன தடவ எதுத்த ஷெட்டு வரைக்கும் பரவிருச்சு."

"அதுக்குத்தான் காப்புரிமைனு ஒண்ணு இருக்குல்ல?"

"அத விடுங்க. ஒங்க சேர்மன் மெஷினு தாளக் கிழிச்சுச்சு, இருந்தும் சங்கம் வாங்குச்சுன்னு சொன்னீங்கள்ல? இங்கன மொத மெஷின எவனும் வாங்க மாட்டான். எல்லாரும் ரெண்டாவது மெஷினத்தான் கேப்பாய்ங்க. 'மொதல்ல யாரு வாங்குனா, ஓடுதா?'ன்னு கேப்பாய்ங்க. மொத மெஷின விக்காம ரெண்டாவது மெஷின எப்படி மச்சான் விக்கிறது?"

நான் வடையைக் கடித்தேன். பெரிய பெரிய பொருளாதார மேதைகள் முக்குவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வாய் நிறைய வடை இருந்ததால் சொல்லவில்லை.

கோச்சடையில் அப்பளம் போடும் செல்வி அக்கா மட்டும் மழையின் புண்ணியத்தில் சம்மதித்திருந்தார். ஒரு நாள் கொண்டுவந்து ஓட்டிக் காட்டு, சரிப்பட்டால் பார்க்கலாம் என்று. சரிப்படாவிட்டால் ஷெட்டை மூடிவிட்டு என்னோடு கிளம்புவதாகப் பாண்டி முடிவு செய்திருந்தான். பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்தால் விளையாட்டுக்குச் சொல்வதாகத் தெரியவில்லை.

4

செல்வி அக்கா வீட்டுக்கு மெஷின் போவதற்கு முன்னால் காப்புரிமைக்கு மனுப் போட்டுவிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

காப்புரிமை என்றால் ஒளித்து வைத்துக்கொள்ளும் உரிமை என்று பாண்டி நினைத்திருந்தான். அந்தக் கம்பெனியில் சேரும்வரை நானும் அப்படித்தான். விஷயம் நேர் எதிர். செய்த வித்தையை ஊருக்கே விளக்கி எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கொஞ்ச காலத்துக்கு அடுத்தவன் நம்மைக் கேட்காமல் அதைச் செய்து விற்க முடியாது. அதாவது, காட்டுவதற்குக் கிடைக்கும் கூலி அது. கூலி கிடைக்காத ஊரில் எவன் காட்டுவான்? தார்ப்பாய்தான் வாங்குவான்.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஏஜென்டைப் பிடித்தோம். இளவயதுக்காரர், நிதானமாகக் கேட்டார். "இதுல புதுசு என்ன?"

"எல்லாமே புதுசுதான் சார். மோட்டார் மட்டும் பழசு" என்றான் பாண்டி.

அவர் சிரிக்காமல், அதில் எது இதுவரை யாரும் செய்யாதது என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார். கடைசியில் அந்தத் திரும்பும் தகடு மட்டும் மிஞ்சியது. ஒரு வருஷ உழைப்பு ஒரு தகடாகச் சுருங்கியதில் பாண்டிக்கு வருத்தம். "ஆனா அது யார்கிட்டயும் இல்ல" என்று ஏஜென்ட் சொன்னபோது முகம் மலர்ந்தான். கையெழுத்துப் போடும்போது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டத்தைப் பார்த்தேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு செல்லையா போதும்.

"மனு ஏறிருச்சு. இனிமே தார்ப்பாய எடுக்கலாம்ல?" என்றேன் திரும்பும் வழியில்.

"மனு மெட்ராசுல இருக்கு மச்சான். முருகேசன் எதுத்தாப்புல இருக்கான்."

5

செல்வி அக்கா வீட்டுக்குக் குட்டியானை வேனில் மெஷின் போய் இறங்கியது, தார்ப்பாயோடு. மழை விடாமல் பெய்தது. கூடத்தில் பெண்கள் அப்பளம் தேய்த்துத் தேய்த்து அடுக்க, காயப்போட இடமில்லாமல் கட்டில், மேஜை, தையல் மெஷின் மேலெல்லாம் அப்பளம். பாண்டி தட்டுகளை நிரப்பி உள்ளே தள்ளினான். மூன்று பக்கம் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். காற்று போக வேண்டிய பின்பக்கத்தை மட்டும் திறந்து விட்டான். நானும் யாழினியும் பின்பக்கம் நின்றோம். மெஷின் ஓட ஆரம்பித்தது.

அப்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ரெயின்கோட்டைக் கழற்றியபடி முருகேசன்.

"வாண்ணே, மாவு பெசையிற மெஷினு நேத்துலருந்து நிண்டு நிண்டு ஓடுது" என்று செல்வி அக்கா அவரைக் கூப்பிட்டார். அந்த மெஷினுக்கு ரிப்பேர் பார்ப்பது அவர்தானாம்.

அடுத்து நடந்ததை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. முருகேசன் எங்கள் பக்கம் தலையைத் திருப்பினார். என் கை தானாகப் போய், மேலே சுருட்டியிருந்த தார்ப்பாயைச் சர்ரென்று கீழே இழுத்தது. பின்பக்கம் மூடிக்கொண்டது. நான் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, மழையை ரசிப்பவன் போல் நின்றேன்.

நேரம் ஆனதும் பாண்டி மெஷின் கதவைத் திறந்தபோது கூடம் முழுக்க ஆவி. தட்டில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தொட்டால் தொய்ந்தன.

செல்வி அக்கா ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அது ஈரக் கைக்குட்டை மாதிரி தொங்கியது. "காயப்போடச் சொன்னா அவிச்சு வச்சிருக்க. நான் அப்பளக் கம்பெனி வச்சிருக்கேன்யா, இட்லிக்கடை இல்ல."

தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். பாண்டி சிரிக்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். "மச்சான், டிக்கெட்ட பாருங்க" என்றான்.

"மாமா எங்க நாட்டுக்கு வாறாரா!" என்று யாழினி கைதட்டினாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டாள்.

முருகேசன் கையைத் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தார். "ஏப்பா பாண்டி, நான் சொன்னா நீ அடிக்க வருவ. மோட்டார் சத்தம் அங்கிட்டு வரைக்கும் கேக்குது. மூச்சு முட்டுதுய்யா மெஷினுக்கு. பின்னாடி எவன் பாய எறக்குனது?"

பாண்டி எழுந்து பின்பக்கம் வந்தான். தார்ப்பாயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் மழையைப் பார்த்தேன்.

"மச்சான்?"

"முருகேசண்ணே வந்தாரு... அதான்..."

"என்னய பாத்தா?" முருகேசன் நெஞ்சில் கையை வைத்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கொரியாவுலருந்து ஏரோப்ளேன் ஏறி வந்து மூடுனீங்களாக்கும்? எம்மேல அம்புட்டு பயமாய்யா?"

"பயப்படாம?" பாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. "தேங்கா மெஷினத் திருடுன ஆளுதான நீ?"

"திருடுனேன். இல்லேங்கல. ஒன் மெஷின்ல கத்தி திரும்பி வராது, கையால இழுக்கணும். நான் ஒரு ஸ்பிரிங் வச்சேன். மறு மாசம் ஒன் மெஷின்லயும் ஸ்பிரிங் இருந்துச்சே, அது எங்கருந்து வந்துச்சு? வானத்துலருந்து விழுந்துச்சா?"

பாண்டி கூரையைப் பார்த்தான். இந்த ஸ்பிரிங் சமாச்சாரத்தை அவன் என்னிடம் சொன்னதே இல்லை.

"ரெண்டு பேரும் சண்டைய வெளிய போயி போடுங்க" என்றார் செல்வி அக்கா. "எனக்கு மாவு புளிச்சுப் போகும். பாய எடுத்துட்டு இன்னொருக்கா ஓட்டுறியா, இல்ல வண்டியில ஏத்துறியா? அதச் சொல்லு."

பாண்டி கயிற்று முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். டீக்கடையில் நான் பேசியதெல்லாம் போதும் என்று தோன்றியது.

"மனு போட்டுருக்கேன், தெரிஞ்சுக்க" என்றான் முருகேசனிடம்.

"போடு. நான் வேணாம்னா சொன்னேன்? வேணும்னா ஒன்னய கேட்டுத்தான் செய்வேன். மொதல்ல அது ஓடட்டும்."

முடிச்சு அவிழ்ந்தது. நாலு பக்கமும். பாண்டி தார்ப்பாயைச் சுருட்டி என் கையில் கொடுத்தான். "இத வச்சுக்கங்க. கிட்ட வந்துராதீங்க."

இரண்டாம் முறை கதவைத் திறந்தபோது ஆவி இல்லை. செல்வி அக்கா ஒரு அப்பளத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளே போய் எண்ணெயில் போட்டார். பொரித்ததை வாயில் வைத்தபோது அந்தக் கூடத்தில் மழைச் சத்தத்தையும் மீறி ஒரு 'நறுக்' கேட்டது.

"கீழ்த்தட்டுல ஓரம் சுருளுதே" என்றார்.

"ஆமாக்கா. கீழ காத்து பத்தல" என்றான் பாண்டி. முருகேசன் ஏற்கனவே குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில்ல காயப்போட்டாலுந்தான் சுருளுது. மழையில சுருண்டாச்சும் காயுதே. இங்கனயே விட்டுட்டுப் போ."

"ட்ரையலுக்காக்கா?"

"வெலைக்குத்தான்யா. எவளாச்சும் வந்து கேட்டா நான் வாங்குனேன்னு சொல்லு. சுருளுறதச் சரி பண்ணிக் குடுத்துரணும், ஆமா."

எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிப் பாய் ஞாபகம் வந்தது. கண் கலங்கியது. இந்தத் தடவை சாப்பாட்டுக்காக அல்ல.

6

யாழினியின் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. வெயில் பதிலைவிட இது பரவாயில்லை.

மூளை எல்லா ஊரிலும் ஒரே அளவில்தான் முளைக்கிறது. விளாங்குடியில் ஒரு தெருவில் நடக்கிற கண்டுபிடிப்பைப் பார்த்தால் எந்த நாடும் பயப்பட வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தார்ப்பாய்க்குள் நடக்கிறது. பாண்டி கண்டுபிடித்ததை முருகேசன் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. முருகேசனின் ஸ்பிரிங்கை இன்னொருவர் இன்னொரு தெருவில் மறுபடி கண்டுபிடிக்கிறார். எல்லோரும் ஏணியின் முதல் படியைத்தான் விதவிதமாகச் செய்துகொண்டிருக்கிறோம். நான் இருக்கும் ஊரில் ஒருவர் சாயங்காலம் விட்ட இடத்தில் அடுத்தவர் காலையில் ஆரம்பிக்கிறார். அவர்கள் மேலே போன ஏணி அதுதான். அதற்கு நம்பிக்கையான ஒரு மனு வேண்டும், ஓரம் சுருண்டாலும் வாங்குகிற ஒரு செல்வி அக்கா வேண்டும், தார்ப்பாயை அவிழ்க்க ஒரு ஆள் வேண்டும். இவை ஒன்றும் நம்மிடம் கிடைக்காத சாமான்கள் இல்லை. கோச்சடையில் ஒரே கூடத்தில் மூன்றையும் பார்த்தேன். அதனால், மெதுவாக வருகிறோமே என்று எனக்கு இப்போது பெரிய கவலை இல்லை, வருகிறோம்.

இதை யாழினியிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க ஏம்ப்பா மூடுனீங்க?" என்றாள். சாப்பாடு ஆறுகிறது என்று எழுந்துவிட்டேன்.

கம்பெனிக்குத் திரும்பிய வாரம் சேர்மன் விடுமுறை எப்படி என்று விசாரித்தார். மரியாதை வடிவில் கவனமாகப் பதில் சொல்லிவிட்டு, பாண்டி அனுப்பியிருந்த வீடியோவைக் காட்டினேன். மெஷின் ஓடுகிறது, வெளியே மழை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். பிறகு டிசைன் பிரிவு ஆட்களைக் கூப்பிட்டார். எங்கள் புது மாடலில் தாளின் ஓரம் சுருள்கிறது என்று அவர்கள் பல மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இவருக்குக் காப்புரிமை இருக்கிறதா?" என்றார் சேர்மன்.

"மனு போட்டிருக்கிறார்."

"நல்லது. அப்படியென்றால் தைரியமாகக் கேட்கலாம். கூப்பிடு."

என் போன் திரையில் பாண்டி வந்தான். ஷெட் ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. பின்னால் இரண்டாவது மெஷின் அரைகுறையாக நின்றது. அதன் கீழ்த்தட்டுக்குள் தலையை விட்டிருந்த முதுகு முருகேசனுடையது.

"மாப்ள, ஒனக்கு வேல கேட்டிருந்தீல்ல, சேர்மன் பக்கத்துலதான் இருக்காரு" என்றேன்.

"வேலையா? மச்சான், இங்கன எனக்கே ரெண்டு ஆளு பத்தல. கொரியாவுல யாரும் சும்மா இருந்தா அனுப்பி விடுங்க" என்றான். நான் இதை மொழிபெயர்த்தபோது டிசைன் பிரிவு ஆட்கள் சிரித்தார்கள். சேர்மன் சிரிக்கவில்லை, சும்மா இருப்பவர் யார் என்று யோசிப்பதுபோல என்னைப் பார்த்தார்.

பிறகு அந்தத் தகடு எப்படித் திரும்புகிறது, கிட்டத்தில் காட்ட முடியுமா, விலை பேசலாமா என்று வரிசையாகக் கேட்டார். பாண்டி போனைத் தூக்கிக்கொண்டு மெஷினுக்குள் போனான். தகடு திரையில் பெரிதாக வந்தது. டிசைன் பிரிவு ஆட்கள் அத்தனை பேரும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். சேர்மன் மூக்கு என் காதில் இடித்தது.

திடீரென்று திரை இருட்டாகிவிட்டது. அறையில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். சிக்னல் போய்விட்டது என்று நான் ஆரம்பித்தேன். விளாங்குடியிலிருந்து பாண்டியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மச்சான், ஒங்க மூஞ்சியும் தெரியல. ரெண்டு கையவும் எடுங்க, அவுக பாக்கட்டும்."